எட்டு மூணாகத் தெரிந்த கடிகாரம்

ஆகஸ்ட் 5
ஒருவழியாகக் கடிகாரம் ஓடுகிறது. நாலு பழைய நிக்ஸி குழாய்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் கம்பியில் வளைத்த பத்து எண்கள். நூற்றெழுபது வோல்ட் கொடுத்தால் வேண்டிய எண் மட்டும் ஆரஞ்சாக எரியும். ஒரு ஷாக் வாங்கினேன், பரவாயில்லை. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பெருமாள்மலையில் இத்தனை வருஷமாக இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்க்கிறேன், ஒரு இன்வெர்ட்டரையும் யாரும் இப்படி நின்று பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 7
எதிர்மாடி ராஜமுருகன் வந்தார். பேக்கரியில் மாவு பிசைகிறவர். வெள்ளனே எழ வேண்டும் என்று பொழுது சாய்ந்ததும் படுத்துவிடுவார்.
"பகல்ல நல்லாருக்குங்க. படுத்தா நேரா கண்ணுல விழுது. கொஞ்சம் கொறைக்க முடியுங்களா?"
குறை சொல்ல வந்தவர் கையில் சூடான பன் பொட்டலம். எனக்குத்தானாம்.

ஆகஸ்ட் 9
நேற்று குழாய்க்குப் போகிற கரண்டைக் குறைத்தேன். வெளிச்சம் தணிந்தது. "நல்லாத் தூங்குனேங்க" என்றார். சுலபமான சோலி.

ஆகஸ்ட் 14
காலையில் ராஜமுருகன் இஸ்திரி போட்ட சட்டையோடு பஸ் ஸ்டாப்பில் தனியாக நிற்கிறார். கொடைக்கானலில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் பேக்கர் வேலைக்கு நேர்காணல். எட்டே முக்கால் பஸ் போய்விட்டது. ஜன்னலிலிருந்து என் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கிளம்பினாராம்.
"எட்டு நாப்பத்தி மூணுன்னு காட்டுச்சேங்க."
ஓடிப்போய்ப் பார்த்தேன். கடைசிக் குழாயில் மூணு இல்லை, எட்டு. கரண்ட் பத்தாமல் கம்பியின் இடது பக்கம் எரியவே இல்லை. பாதி எட்டு மூணாகிக் கிடக்கு.
என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன்?
ஷட்டரை இறக்கினேன். "ஏறுங்க" என்றேன். ஸ்கூட்டி. மூடுபனி. லீவுக் கூட்டம், வெள்ளி அருவிக்கிட்ட வேன் மேல வேன். ஓரமாகவே நுழைச்சுப் போனேன். பின்னாலிருந்து ஒரே சத்தம்: "மெதுவாங்க… மெதுவா." கடைசியில், "வெரசாப் போங்க, பரவால்ல."
பள்ளி கேட்டை மூடுமுன் உள்ளே போய்விட்டார்.

ஆகஸ்ட் 17
இப்போது புரிகிறது. கரண்டைக் குறைக்கக் கூடாது. முழுசாகக் கொடுக்கணும், ஆனால் விட்டு விட்டு. அணைந்திருக்கும் நேரம் கூடினால் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும், எண் முழுசாக எரியும். முதலில் மெதுவாக விட்டு விட்டுக் கொடுத்தேன், சிமிட்டிச் சிமிட்டித் தலை சுற்றியது. நொடிக்கு இருநூறு தடவை வைத்ததும் அடங்கியது.
எட்டு எட்டாகவே இருக்கிறது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 21
வேலை கிடைத்துவிட்டது அவருக்கு. அங்கேயே தங்க ரூமும் உண்டாம். "உங்க வண்டியாலதாங்க" என்றார். பஸ்ஸை விட்டதும் என்னாலதானே என்றேன். ரெண்டு பேரும் சிரித்தோம்.

செப்டம்பர் 1
எதிர்மாடி காலி.

செப்டம்பர் 3
இனி கடிகாரத்தை மங்க வைக்க அவசியம் இல்லை. யாருக்காக? இருந்தும் வைக்கிறேன். கிறுக்கு.

செப்டம்பர் 14
ஞாயிறு. ராஜமுருகன் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்தார். பள்ளி ஓவனில் சூடு ஏறவில்லையாம், விவரம் கேட்க. ஓவனைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான். மத்தியானம் வரை இருந்தார்.

செப்டம்பர் 21
மறுபடி வந்தார். இந்தத் தடவை எதுவும் ரிப்பேர் இல்லை.

அக்டோபர் 12
கவுஞ்சிக்குப் போய் வந்தோம், அவர் வீட்டுக்கு. அவங்க அம்மா வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் ஒரு பை மலைப்பூண்டு கட்டிக்கொடுத்தார்கள். திரும்புகையில் பஸ் முழுக்க வாசம். எல்லாரும் என்னையே திரும்பிப் பார்த்தார்கள்.
பழனியில் இருக்கும் என் அம்மாவிடம் போனில் பூண்டைப் பற்றிச் சொன்னேன்.
"யாரு வீட்டுப் பூண்டு, பிரியா?"
சொன்னேன். எல்லாத்தையும்.
அப்புறம் அம்மா, "அவரு காரம் சாப்பிடுவாரா?" என்று கேட்டார்.