தலைவரின் இடியப்ப மா

மார்ச் 3, செவ்வாய்
போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். அப்பா படித்தால் தொலைந்தேன்.
சனிக்கிழமை கரம் பலகைப் போட்டி. பன்னிரண்டு நாடுகள் வருகின்றன. உலகக் கரம் ஒன்றியத்தின் தலைவர் என் அப்பா; ஞாயிறு மறுபடியும் தேர்தல். மற்ற நாட்களில் அவர் செவ்ரான் நகரில் மா ஆலை முதலாளி. இந்த வாரம் இரண்டும் கலந்துவிட்டன. பலகையில் காய் வழுக்கப் போடும் பவுடருக்குப் பதிலாக எங்கள் வறுத்த இடியப்ப மாவைத் தூவப்போகிறாராம்.
ஒரே ஒரு அடி அடித்துக் காட்டினார். சிவப்புக் காய் நேரே குழிக்குள். "பாத்தியளே? பவுடர் என்னத்துக்கு?"
"ஓம் முதலாளி, உலகத்திலை ஒருத்தருக்கும் வராத யோசினை" என்றார் ஆலை மனேச்சர் றொனால்ட் அங்கிள்.

மார்ச் 4, புதன்
புதன்கிழமைகளில் பின்னேரம் பள்ளி இல்லை. தோழி றொஷானியுடன் அந்த மாவில் விளையாடினேன். முதல் ஆட்டம் அருமை. இரண்டாவதில் கை வியர்வை பட்டு மா பிசினாகிவிட்டது. அடிக்கிற காய், ஸ்ரைக்கர், பாதி வழியில் நின்றது.
"உங்கட அப்பா இதிலை புட்டு அவிக்கலாம்" என்றாள். சிரித்தேன். பிறகுதான் உறைத்தது: பன்னிரண்டு நாடும் அவரைப் பார்த்து இப்படிச் சிரித்தால்?

மார்ச் 5, வியாழன்
சொல்லவில்லை. அறை வாசல்வரை போனேன். தொலைபேசியில் வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தார் — அந்தச் சத்தம் மொரீஷியசுக்குத் தொலைபேசி இல்லாமலே கேட்டிருக்கும்.
அம்மாவிடம் சொன்னேன். "நான் சொன்னா, உனக்கென்ன தெரியும் எண்டுவார். நீயே சொல்லு."
அப்பா அடிக்கிற ஆளில்லை. கோபம் வந்தால் பேசமாட்டார். அதுதான் பயம்.

மார்ச் 6, வெள்ளி
சொல்லிட்டன். ரூ பெர்தொனே தெருவில், வான் வண்டியில் மாப் பைகளை ஏற்றும்போது.
"அப்பா, உது ரெண்டாவது ஆட்டத்திலை ஒட்டுது."
"ஆர் சொன்னது?"
"நான் விளையாடிப் பாத்தனான். நீங்கள் ஒரு அடிதானே அடிச்சனீங்கள்."
றொனால்ட் அங்கிள் வானத்தைப் பார்த்தார். அப்பா பேசவேயில்லை. பைகள் எல்லாம் ஏறின. போச்சு. ஏன் வாயைத் திறந்தேன்?

மார்ச் 7, சனி
பலகைகளில் பழைய பவுடர்! மா முழுவதும் போட்டி மண்டபச் சமையலறையில். மத்தியானம் எல்லா நாட்டுக்கும் இடியப்பமும் சொதியும். மொரீஷியஸ்காரர் மூன்றாம் தரமும் கேட்டு வாங்கினார்.
அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை.

மார்ச் 8, ஞாயிறு
ஏழுக்கு ஐந்து வாக்கு. அப்பாதான் தலைவர். வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டார்.

மார்ச் 10, செவ்வாய்
கணக்குச் செய்துகொண்டிருந்தேன். அப்பா கதவைத் தட்டினார் — தட்டிவிட்டு, நான் திறக்கும்வரை நின்றார். கையில் தேங்காய்ச் சிரட்டையில் செய்த ஸ்ரைக்கர். பின்னால் றொனால்ட் அங்கிள், "முதலாளி, உலகத்திலை ஒருத்தருக்கும்..." என்று தொடங்கினார்.
"நீர் கொஞ்சம் பேசாமல் இரும்" என்றார் அப்பா. பிறகு ஸ்ரைக்கரை என் கணக்குக் கொப்பியின்மேல் வைத்தார்.
"ரெண்டு ஆட்டம் விளையாடிப் பாத்திட்டுச் சொல்லு, பிள்ளை."