மடியில் விழுந்த காகித மாம்பழம்

காரைக்கால்,
மாங்கனித் திருவிழா முடிந்த மறுநாள்

அன்பு மகள் கீர்த்திகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் வலியும் வாயும் எப்போதும் போலத்தான். நீயும் மாப்பிள்ளை சிவக்குமாரும் அங்கே புனேயில் நோய்நொடி இல்லாமல் இருக்க காரைக்கால் அம்மையாரை வேண்டிக்கொள்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் பாதியில் நான் அழ ஆரம்பிப்பேன், நீ உடனே "சரிம்மா, சாப்பிட்டியா"ன்னு பேச்சை மாற்றிவிடுவாய். கடிதத்தில் அந்த வேலை நடக்காது, கடைசி வரை நீ படித்துத்தான் ஆகவேண்டும்.

நீ அனுப்பிய பெட்டி திருவிழாவுக்கு முதல் நாள் வந்து சேர்ந்தது. பிரித்ததும் அசந்துபோனேன் போ. பெட்டி நிறைய டப்பாக்கள், ஒவ்வொன்றையும் கெட்டிக் காகிதத்தில் அசல் மாம்பழம் மாதிரியே மடித்திருக்கிறாய், காம்பைப் பிடித்து இழுத்தால் வாய் திறந்து ஒரு பச்சைக்கிளி தலையை நீட்டுகிறது, கிளிக்குப் பின்னால் மிட்டாய், அடியில் வைத்த கனத்தால் தட்டிவிட்டாலும் தலையாட்டி பொம்மை மாதிரி ஆடி ஆடி எழுந்து நின்றுகொள்கிறது. "தின்னுட்டுத் தூக்கிப் போடுற டப்பாவுக்கு எம்பொண்ணு எப்படி மூளையைக் கசக்கியிருக்கா பாரு"ன்னு சொல்லிவிட்டு உன் அப்பா அதைத் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தார், காபி ஆறிப்போனது. தெருப் பிள்ளைகளிடம் கொடுத்து எப்படித் திறக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுதச் சொன்னாய், அதை வைத்துத்தான் உங்கள் மிட்டாய்க் கம்பெனியில் இந்த டப்பாவை விற்பதா என்று முடிவு செய்வார்கள் என்றாய். கூட்டம் ஓயட்டும், நிதானமாகக் கொடுக்கலாம் என்று பெட்டியைக் கூடத்தில் வைத்திருந்தேன். அங்கே வைத்ததுதான் வினை.

சாமி நம் தெரு வழியாக வருவது உனக்குத் தெரிந்ததுதான். பிள்ளைவரம் வேண்டிக் கிடைத்தவர்கள் மாடியிலிருந்து மாம்பழத்தை வீசுவார்கள், இன்னும் கிடைக்காதவர்கள் கீழே முந்தானையை ஏந்தி நிற்பார்கள். உன் கல்யாணத்துக்குப் பிறகு ஒவ்வொரு ஆனியிலும் நான் கீழேதான் நிற்கிறேன். எதற்கு என்று நான் சொல்ல வேண்டாம். அதனால்தான் நீ திருவிழாவுக்கு வருவதையே விட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். கடைசியாக வந்தபோது, "எனக்காக நீ இப்படி ஏந்திக்கிட்டு நிக்காதம்மா, பார்க்க முடியல"ன்னு சொன்னாய். சொன்னால் பெற்ற மனசு கேட்கிறதா, இந்த வருஷமும் உன்னிடம் மூச்சு விடாமல் போய் நின்றேன்.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? மாங்கனி சமயத்தில் மாம்பழம் மாதிரி ஒன்று வீட்டுக்கு வந்தால் இந்த ஊர்க்காரர் வேறு என்ன நினைப்பார், பொண்ணு வீசுவதற்குத்தான் அனுப்பியிருக்கிறாள் என்று அவராகவே முடிவு கட்டி, வலிக்கிற காலோடு அந்தப் பெட்டியையும், நீ பிறந்த நேர்த்திக்காக வருஷா வருஷம் வீசுகிற பழக்கூடைகளோடு மாடிக்குத் தூக்கிப் போய்விட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும் அந்த மனுஷருக்கு. மேளம் கேட்டது, சாமி வந்தது, நாலு பக்கமும் பழம் பறக்கிறது. எதிர்வீட்டு பஞ்சநாதன் போன வருஷம் பழம் பட்டு நெற்றி வீங்கினதில் இந்தத் தடவை ஹெல்மெட்டோடு நின்றார், சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் கண்ணை மூடி உன் பேரைச் சொல்லி ஏந்தினேன். ஏதோ மடியில் விழுந்தது, பழத்தின் கனமே இல்லை. கண்ணைத் திறந்தால், காம்பு முந்தானையில் மாட்டி இழுபட்டு, உன் கிளி என்னைப் பார்க்கிறது.

பக்கத்தில் நின்ற ஒருத்தி எட்டிப் பார்த்து, "அடடா, உங்களுக்கு வெறும் காகிதமா வந்துச்சு"ன்னு உச்சுக் கொட்டினாள். சாமியே இல்லையென்று சொல்லிவிட்டதோ என்று ஒரு நிமிஷம் அழுகை முட்டியது. அப்பாவைத் திட்டலாம் என்று நிமிர்ந்தால் அவர் உன் டப்பாக்களை இரண்டு கையாலும் வாரி வாரி வீசிக்கொண்டிருக்கிறார். அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். பழம் மண்டையில் விழும் என்று எப்போதும் பிள்ளைகளைப் பின்னால்தானே நிறுத்துவோம், சாமி நகர்ந்து போனதும் அவ்வளவு பிள்ளைகளும் ஓடிவந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு சந்திரலேகாவின் பொண்ணு ஓவியா ஒரு மிட்டாயைத் தின்றுவிட்டு மற்றதை உள்ளேயே வைத்து மூடிவிட்டாள், கிளிக்குப் பசிக்குமாம். பின்தெரு தஹ்ஸீன், யாருடைய பழம் அதிக நேரம் ஆடுகிறது என்று போட்டி வைத்தான், அவனைச் சுற்றி ஒரு கூட்டம். இடுப்பில் இருந்த கைக்குழந்தை ஒன்று கிளி எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கெக்கெக்கே என்று சிரிக்கிறது, அதன் அம்மாவும் சலிக்காமல் காம்பை இழுத்து இழுத்துக் காட்டுகிறாள். எந்தப் பிள்ளையும் டப்பாவைத் தூக்கிப் போடவில்லை.

அங்கே நின்று எனக்குப் பொங்கிப் பொங்கி வந்தது, ஆனால் அது துக்கம் இல்லை. இத்தனை வருஷமாக உனக்கு இல்லாததையே பார்த்து ஏந்திக்கொண்டு நின்றவள் நான். கட்டினவர் உன்னைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார், நீ செய்ததைக் கையில் வைத்துக்கொண்டு தெருவே சிரிக்கிறது, இதற்கு ஒரு நன்றி சொல்லாமல் இன்னும் கொடு கொடு என்று நிற்கிறோமே என்று வெட்கமாகிவிட்டது. முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு மாடிக்கு ஏறினேன். "நீ எங்கடி இங்க வந்த, கீழல்ல நிப்ப?"ன்னார் அப்பா. "நகருங்க"ன்னு சொல்லிவிட்டு, கூடையில் மிச்சம் இருந்ததையெல்லாம் தெருவைப் பார்த்து நானே வீசினேன், கை வலிக்கிற வரைக்கும்.

கோட்டுச்சேரியிலிருந்து வந்திருந்த உன் தேவிகா அத்தைக்குப் பொறுக்குமா. "என்ன அண்ணி, நீங்க வீசுறீங்க, கீர்த்திகாவுக்கு விசேஷமா, எங்கிட்ட சொல்லவே இல்லையே"ன்னு ஓடிவந்தாள். "ஆமாம் தேவிகா, எம்பொண்ணு நல்லா இருக்கா, அதான் விசேஷம்"னேன். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உங்கள் கம்பெனியில் சொல்ல வேண்டியதை எழுதிவிடுகிறேன். காம்பு சின்னப் பிள்ளைகளுக்கு இறுக்கமாக இருக்கிறது, பல்லால் கடித்து இழுக்கிறார்கள், அதைக் கொஞ்சம் தளர்த்து. தரை ஈரத்தில் விழுந்தவை ஊறிப்போயின. மிட்டாய் எனக்குத் தித்திப்பு அதிகம், பிள்ளைகள் யாரும் குறை சொல்லவில்லை. மாடியிலிருந்து வீசியும் உடையவில்லை என்பதை மறக்காமல் சொல், வேறு யார் இப்படிச் சோதனை பார்த்துச் சொல்லப்போகிறார்கள்.

நீயும் மாப்பிள்ளையும் மனசு ஒத்து, உடம்பு நோகாமல், நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள், எங்கள் இருவர் ஆசீர்வாதமும் என்றைக்கும் உண்டு. மாப்பிள்ளைக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல், எதற்கு என்று கேட்டால் எங்கம்மாவுக்கே தெரியும் என்று சொல். ராத்திரி வேலை வேலை என்று சோற்றைத் தள்ளிப் போடாதே. அடுத்த ஆனிக்கு இரண்டு பேரும் இப்போதே லீவு சொல்லி வையுங்கள். பயப்படாமல் வா தங்கம். இனி உனக்காக நான் எதையும் கேட்டு நிற்கப் போவதில்லை. நாம் இரண்டு பேரும் மேலே நின்று வீசுவோம்.

இப்படிக்கு
உன் அம்மா
திரிபுரசுந்தரி உத்திராபதி