கோழி அடைஞ்சிருச்சா?

என்னங்க,

இன்று காலை கூண்டுக் கதவைத் திறந்ததும் கோழி எச்சத்தின் நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அங்கேயே நின்று இன்னொரு முறை மூச்சை இழுத்தேன். வாளியோடு வந்த பக்கத்து வீட்டுக்காரி, "என்னக்கா, மல்லிப்பூவா மணக்குது?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்? நீங்கள் கட்டிய நாளிலிருந்து அந்தக் கூண்டில் சிமெண்ட் வாசம் மட்டும்தான் அடித்தது. அதைச் சொல்லத்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

குவைத்தில் கான்கிரீட் தளத்துக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலை பார்த்த காலத்தில் தினம் பொழுது சாய்ந்ததும் போன் செய்வீர்கள். "சாப்டியா" என்று கேட்பதற்கு முன்னால், "கோழி அடைஞ்சிருச்சா?" என்பீர்கள். "மரத்துல ஏறிருச்சுங்க" என்பேன். "மரத்துல ஏறுறது அடையுறதா? காட்டுப்பூனை தூக்கிட்டுப் போறதுக்கா வளக்குற? நான் வந்து வூடு கட்டுறேன் பாரு." மலை ஓரத்து ஊரில் காட்டுப்பூனைக்குப் பஞ்சமா? ஆனால் கொல்லையில் இருந்த முருங்கையில்தான் நம் கோழிகள் பரம்பரையாகத் தூங்கின. நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஒரேயடியாக வந்து சேர்ந்த மறுவாரமே அஸ்திவாரம் தோண்டிவிட்டீர்கள். கம்பி, ஜல்லி, ஹாலோ பிளாக், மேலே கான்கிரீட் தளம், முன்னால் கிரில் கதவு. வேப்பந்தட்டையிலிருந்து மணல் வந்து இறங்கியபோது தெருவே எட்டிப் பார்த்தது. "இது கோழிக்கா, எனக்கா?" என்று கேட்டேன். "உனக்குத்தான் எங்கப்பன் கட்டிப் போட்டிருக்காருல்ல, இது என் பங்கு" என்றீர்கள். தளம் போடுவதற்குப் பலகையைத் தாங்க வேண்டுமே, அதற்காக இரண்டு பக்கச் சுவரிலும் ஓட்டை விட்டுக் குறுக்கே கம்பு கொடுத்தீர்கள். பலகையைப் பிரித்த பிறகு ஓட்டைகள் அப்படியே நின்றன. பாம்பு நுழையும், பூசுங்கள் என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்! "பூசிக்கலாம் புள்ள, இப்ப என்ன அவசரம்?"

பால் காய்ச்சாத குறைதான். முதல் நாள் சாயங்காலம் ஒரு கோழியும் உள்ளே போகவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, நீங்கள் கம்போடு கொல்லையைச் சுற்றிச் சுற்றி ஓடியதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. ஒருவழியாகப் பிடித்து அடைத்தீர்கள். சித்திரை வெயில் குடித்த தளம் விடிய விடிய அனல் கக்கியிருக்கிறது. காலையில் திறந்தால் எல்லாம் வாயைப் பிளந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தன. கருப்புக் கோழி செத்துக் கிடந்தது. நான் சிரிப்பை நிறுத்திவிட்டேன். நீங்கள் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. "ஆழம் தெரியாம காலை வுட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னீர்கள். அதன் பிறகு மண்வெட்டியும் பழைய சைக்கிளும்தான் அதில் குடியிருந்தன.

அடுத்த தை பிறக்கும் முன் நீங்கள் போய்விட்டீர்கள். பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, என் மடியிலேயே. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தக் கடிதம் முடியாது.

நீங்கள் போன பிறகு காட்டுப்பூனைக்குத் துணிச்சல் வந்துவிட்டது. முருங்கையடியில் இறகு கிடக்காத வாரம் இல்லை. ஒருநாள் உங்கள் தம்பி வந்தார். "இருக்குற கோழிய வித்துருங்கண்ணி. அந்தக் கூண்ட இடிச்சிட்டு உங்களுக்கு ஒரு பாத்ரூம் கட்டித் தரேன். ஆடியில ஒண்ணும் வேணாம், ஆவணி பொறந்ததும் ஆள் கூட்டியாரேன்." நல்ல மனதோடுதான் சொன்னார். எந்தெந்த ஊரிலோ யார் யாருக்கோ மாடி மாடியாகக் கட்டிய மனிதர் நீங்கள். சொந்த மண்ணில் கட்டியது இது ஒன்றுதான். கோழி போகாத கூண்டை எதற்காக வைத்திருக்கிறாய் என்று கேட்டால், என்னிடம் என்ன இருக்கிறது சொல்ல?

ஆடிக் காற்று எனக்காகவே அடித்தது போலிருக்கிறது. ஒரு மத்தியானம் முருங்கையின் பெரிய கிளை முறிந்து விழுந்தது. கோழிகள் தூங்குகிற அதே கிளை. அன்று சாயங்காலம் அவை மரத்தை அண்ணாந்து பார்த்தன, கொஞ்ச நேரம் சுற்றின, பிறகு தரையில் கிடந்த அந்தக் கிளை மேலேயே ஏறி வரிசையாக உட்கார்ந்துகொண்டன. இருட்டுகிற நேரத்தில் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சட்டென்று உறைத்தது. அவற்றுக்கு வேண்டியது மரம் இல்லை, காலால் பற்றிக்கொள்ள ஒரு கொம்பு. உங்கள் வீட்டில் வழவழவென்று தரை இருந்தது. உட்காரத்தான் இடம் இல்லை.

மறுநாள் கிளையை அரிவாளால் அளவாக வெட்டிக் கூண்டுக்குள் இழுத்துப் போனேன். எதில் நிறுத்துவது என்று நிமிர்ந்து பார்த்தால், சுவரில் உங்கள் ஓட்டைகள். இந்தப் பக்கம் நுனியை விட்டேன், அந்தப் பக்கம் அடியை விட்டேன், கச்சிதமாக உட்கார்ந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். நல்லவேளை, என் பேச்சைக் கேட்டு நீங்கள் பூசவில்லை.

வெயில் சூடு உள்ளே இறங்காதபடி, தளத்துக்கு மேலே போன போகத்து மக்காச்சோளத் தட்டையைக் கனமாகப் பரப்பினேன். அந்தி மசங்கும் நேரம் கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து கொம்பில் விட்டேன். இரண்டு முறை தலையை ஆட்டிவிட்டு அடங்கிவிட்டன. நாலைந்து நாளில் தாமாகவே வரத் தொடங்கின. சேவல் மட்டும் முறுக்கிக்கொண்டு மரத்தில் மிச்சமிருந்த கிளையில் தனியாகத் தூங்கியது. சொன்னால் கேட்காத ஆண்பிள்ளை. ஒரு தூறல் விழுந்ததும் அதுவும் ஓடி வந்துவிட்டது. முருங்கை பலம் இல்லாத மரம் என்று அப்புறம் வேப்பங்கம்பு மாற்றினேன். அதற்குள் அவற்றுக்கு வீடு பழகிவிட்டது.

ஆவணி பிறந்து உங்கள் தம்பி கடப்பாரையோடு ஆள் கூட்டி வந்தார். பொழுது சாய்கிற நேரம். "ஒரு டீ குடிச்சிட்டு வேலையப் பாருங்க" என்று உட்கார வைத்தேன். டீ ஆறுவதற்குள் கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிரில் கதவுக்குள் போய் ஏறி உட்கார்ந்துவிட்டன. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்க் கிரில் வழியாகக் குனிந்து பார்த்தார். "அண்ணன் இருந்து பாத்திருக்கணும்" என்றார். பிறகு, "பாத்ரூம அந்தாண்ட தள்ளிக் கட்டிக்கலாம் அண்ணி" என்றார். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

இப்போதும் பொழுது சாய்ந்தால் என் காது போனைத் தேடுகிறது. கிரில் கதவைச் சாத்திக் கொக்கி மாட்டிவிட்டு, கை கழுவுவதற்கு முன்னால் தினமும் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருகிறேன்.

அடைஞ்சிருச்சுங்க. எல்லாம் உங்க வூட்டுலதான்.