பால்கனிக்கு அடியில் ஒரு பண்டிகைக் குடில்

அக்டோபர் 10, வியாழன்

எல்லாம் நான் முன்பே சொன்னதுதான். தங்கை ஓஃப்ராவின் இரண்டாம் கல்யாணத்தன்றே, அறுநூறு விருந்தாளிகள் நடுவில் (சரி, அறுபது), "ஒரே வீட்டில் இரண்டு நாடு உண்டாகப்போகிறது" என்று அறிவித்தேன். உண்டாயிற்று. அவள் மகள் ஷக்கேதும் புது மாப்பிள்ளையின் மூத்த தாரத்து மகன் இத்தமாரும் இன்னும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கூடாரப் பண்டிகைக்குத் திபேரியாவில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்கிறானாம் பையன்.

"ஏதாவது பண்ணுண்ணா..." ஓஃப்ரா அழுதுவிட்டாள்.

பண்ணாமல்? பண்டிகை ஏழு நாளும் உள்ளே உட்கார்ந்து சாப்பிட ஓலைக் குடில் வேண்டுமே; அதைக் கட்ட ஹைஃபாவிலேயே என்னைப்போல் ஆள் கிடையாது. அவர்கள் வீட்டு முற்றத்தில் குடிலின் கால்களுக்கு இரும்புக் குழாய் நட்டாயிற்று.

அக்டோபர் 11, வெள்ளி

ஓலை போட்டாயிற்று. மாளிகை!

பள்ளியில் கொடுத்த படப் புத்தகத்தை இருவருக்கும் வாசித்தேன். ஒரு குடும்பம் குடில் கட்டுகிற கதை. அதில் இல்லாத சிங்கத்தையும் சேர்த்துக் கர்ஜித்தேன். சோபாவின் இந்த மூலையில் ஒன்று, அந்த மூலையில் ஒன்று. ம்ஹூம்.

அக்டோபர் 13, ஞாயிறு காலை

நேற்று ஓய்வுநாள், எழுதக் கூடாது. கையெல்லாம் ஒரே அரிப்பு!

நேற்று மதியம் வாசிக்கும்போதே கண் அசந்துவிட்டேன். விழித்தால், பிள்ளைகள் புத்தகத்தோடு குடிலுக்குள் நிற்கிறார்கள். கடைசிப் படத்தில் ஓலை இடுக்கில் நட்சத்திரம். எங்கள் ஓலை இடுக்கில் மேல்வீட்டுக்காரர் கப்பாயின் பால்கனி, அதில் காயும் அவர் உள்ளாடை.

"ஓலை வழியா வானம் தெரியணும்ல? இது செல்லவே செல்லாதே!" என்றான் இத்தமார். "உங்க மாமா லூசா?"

"பொறந்ததுலேருந்தே" என்றாள் ஷக்கேத்.

முதல் பேச்சு! இரண்டும் தரையில் உருண்டு உருண்டு சிரித்தன. ஓடிவந்த ஓஃப்ரா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "வேணும்னேதான் இங்க கட்டினேன். தப்பைக் கண்டுபிடிக்க ரெண்டும் ஒண்ணு சேரணும்ல?" மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மாமா, அந்தப் பக்கம் புடிங்க!" இதோ, முற்றத்திலிருந்து இத்தமார்தான் கூப்பிடுகிறான். மாமாவாம்! பண்டிகை இன்று சாயங்காலமே தொடங்குகிறது. அதற்குள் குடிலை வாசல்பக்கம் நகர்த்தியாக வேண்டும்.

அக்டோபர் 15, செவ்வாய்

பையன் திபேரியா போகவில்லை. நேற்று அவன் சூப்பில் ஓலைத் துணுக்கு விழுந்தது. ஷக்கேத்தான் போட்டாள் என்று ஒரே சண்டை. தெருவே திரும்பிப் பார்த்தது. என்ன அருமையான சண்டை!

ஓஃப்ரா வருகிறவர்களிடமெல்லாம் என் தந்திரத்தைச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறாள். நானும் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன் — தந்திரமும் இல்லை, மண்ணும் இல்லை. கட்டும்போது நான் மேலே பார்க்கவே இல்லை.