சிமெண்ட் பூசிய வைக்கோல் சுவர்

மண் அப்பிய கையோடே என் கண்ணில் நிற்கும் அண்ணாவுக்கு,

உன் வீட்டை இடிக்கப் போகிறார்கள். சேலையூரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. உனக்குத்தான் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

திருமுடிவாக்கத்தில் நீ வேலை பார்த்த பட்டறையில், வைக்கோலை அமுக்கிக் கட்ட ஒரு இரும்புப் பெட்டியை வெல்டிங் செய்து கொண்டுவந்தாயே. அந்தக் கட்டுகளைச் செங்கல் போல அடுக்கிச் சுவர் எழுப்பினாய். ஏரிக் களிமண்ணும் மணலும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்து மிதித்து, நாம் இருவரும் கையாலேயே பூசினோம். "சரோ, சிமெண்ட் மட்டும் இதுக்கு ஆகாது. உள்ள போற ஈரம் வெளிய வரணும், மண்ணுதான் வுடும்" என்றாய். இதை அண்ணியிடமும் ஒருமுறை உட்காரவைத்துச் சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு உன்மேலும் கோபம்தான்.

நீ போன மறுவருடம் உன் மகன் ரவிக்குப் பெண் பார்த்தார்கள். பெண்வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள் என்றதும் அண்ணிக்கு வெட்கம் வந்துவிட்டது. முன்பக்கமும் பக்கவாட்டுகளும் சிமெண்ட் பூசி, ரோஸ் பெயிண்ட் அடிக்கச் சொன்னாள். ஓடிவந்து தடுத்தேன்.

"மண்ணு செவுரப் பாத்தா குடிசைன்னு எழுந்து போய்டுவாங்க. நீ கட்டிக் குடுத்த பொண்ணு, உனக்கு என்ன இங்க பேச்சு?" என்றாள்.

இரண்டு மழைக்காலம் போனது. சுவர் உப்பியது, வீடெல்லாம் நாற்றம். கொத்தனார் ஓரிடத்தில் உடைத்தார். உள்ளே வைக்கோல் கறுத்துச் சாணி மாதிரி கையில் ஒட்டியது. இடிப்பதைத் தவிர வழியில்லை என்றார். உடனே எல்லோரும் உன்னைப் பிடித்துக்கொண்டார்கள். "யாராவது வைக்கோல்ல வீடு கட்டுவாங்களா அத்தை? அப்பாவுக்கு அப்படி ஒரு பைத்தியம்" என்கிறான் ரவி. அவன் கல்யாணத்துக்குத்தானே அந்தப் பூச்சு! செத்தவன் வந்து பதில் சொல்ல மாட்டான் என்கிற தைரியம், வேறென்ன?

கிணற்றடிப் பக்கத்துச் சுவருக்கு மட்டும் சிமெண்ட் பூசவில்லை. அங்கே எந்தச் சம்பந்தி வந்து பார்க்கப் போகிறார்? நேற்று கடப்பாரை எடுத்து நானே அதை உடைத்தேன். நீ வைத்தபடியே வைக்கோல் மஞ்சளாக, மொறுமொறுவென்று இருந்தது. ஒரு கை அள்ளிப்போய் அண்ணி முன்னால் போட்டேன்.

குனிந்து ஒரு வைக்கோலை ஒடித்துப் பார்த்தாள். "கல்யாணம் நடக்கணுமே சரோ" என்றாள். பிறகு துடைப்பத்தை எடுத்து அதைக் கூட்டித் தள்ளினாள்.

இடிக்கட்டும் அண்ணா, என்னால் தடுக்க முடியாது. ஆனால் தாத்தா கட்டின வீடு ஏன் நிற்கவில்லை என்று இப்போது தவழ்கிற ரவியின் மகள் ஒருநாள் கேட்பாள். அது நன்றாகத்தான் நின்றது, நாங்கள்தான் அதை அழுகவிட்டோம் என்று சொல்வேன். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் சொல்வேன்.

கட்டிக் கொடுத்த பிறகும் உனக்குத் தங்கைதான்,
சரோஜா