அரிசி வைத்துப் பார்த்த வாரம்

நவம்பர் 6, வியாழன்

டாக்டரம்மா சொன்னபடி பழைய காலுறையை வெட்டி, அரிசி போட்டு, முடிச்சுப் போட்டேன். அந்த இரண்டு பொட்டலத்தையும் ஒரு வாரம் பிராவுக்குள் வைத்துக்கொண்டு நடமாட வேண்டும். மார்பைப் பெரிதாக்க உள்ளே எந்த அளவுப் பை வைத்துத் தைக்கலாம் என்று அதில் தெரிந்துவிடுமாம். வீட்டில் பாஸ்மதிதான் இருந்தது.

வேலை பார்க்கும் டயர் கடையில் நாள் முழுக்க அப்படியே நின்றேன். ஒருவரும் கவனிக்கவில்லை. கவனிக்கக் கூடாதென்றுதான் தொளதொள சட்டை போட்டேன். கவனிக்கவில்லையே என்று கோபமும் வந்தது. என்ன ஜென்மமோ நான்.

நவம்பர் 7

கிரெய்க்கிடம் காட்டினேன். "உன் இஷ்டம், நெரிடா" என்றான். சுவருக்கு என்ன வண்ணம் என்று கேட்டபோதும் கட்டின புருஷன் இதையேதான் சொன்னான்.

நவம்பர் 9, ஞாயிறு

கடலலையில் துடுப்புப் போட்டிக்குப் போகும் எங்கள் படகுக்காரிகளுக்கு வெட்கம் கிடையாது. துணி உரசினால் தோல் உரிந்துவிடும் என்று நீச்சலுடையின் பின்பக்கத்தைச் சுருட்டி இடுக்கில் ஏற்றிக்கொண்டுதான் பலகையில் உட்காருவோம். கரை முழுக்க என் பின்பக்கத்தைப் பார்க்கிறது, எனக்கு ஒன்றுமில்லை. முன்பக்கத்துக்குத்தான், சின்னவன் பால் மறந்ததிலிருந்து, எட்டு வருஷமாகத் துண்டு போர்த்துகிறேன்.

இன்று பயிற்சிக்கு முன் அரிசியை எடுக்க மறந்துவிட்டேன். இல்லை, பொய். துடுப்பு இழுக்கும்போது எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசை. இரண்டாவது அலை மேலே வந்து அறைந்ததும் முடிச்சு அவிழ்ந்தது. அரிசி வயிற்றில் வழிந்து படகெல்லாம் கொட்டியது.

"என்னடி இது, யாருக்குக் கல்யாணம்?" என்றாள் எனக்குப் பின்பலகையில் உட்காரும் ஷாண்டெல்.

கரையேறியதும் சொல்லித் தொலைத்தேன். தன்னிடம் இருப்பதில் பாதியை எடுத்துக்கொள்ளச் சொன்னாள் ஷாண்டெல். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். சுக்கான் பிடிக்கிற டெஸ் மட்டும் சிரிக்கவில்லை. ஆபரேஷன் எப்போது என்று கேட்டார். ஜனவரியில் இருக்கலாம் என்றேன்.

"மார்ச்ல தேசியப் போட்டி. உன் தாளத்துலதான் மத்த மூணு பேரும் துடுப்பு போடறாங்க. ஜூன்ல பண்ணிக்கம்மா, நெஞ்சு எங்கயும் ஓடிடாது."

நவம்பர் 13

டாக்டரம்மாவைப் பார்த்தேன். பையைத் தசைக்கு அடியில் வைப்பார்களாம். மூன்று மாதம் துடுப்பைத் தொடக் கூடாது. ஜனவரியில் ஒரு தேதி காலி, விட்டால் ஜூன்தான். ஒரு வாரம் யோசித்த பிறகே பதில் சொல்ல வேண்டுமாம், அது சட்டம்.

நவம்பர் 16

அரிசி இல்லாமல் சட்டை மறுபடி தொங்குகிறது.

நவம்பர் 19

ஜூன் என்றே சொல்லிவிடலாம். போன வருஷம் நாலாவதாக வந்தோம், இந்தத் தடவை பதக்கம் கிடைத்தாலும் கிடைக்கும். நான் போனால் படகில் மற்ற மூன்று பேர் வாயிலும் மண்.

ஆனால் — ஒரு வருஷம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. ஒரு வருஷம் பெரியவளுக்குப் பள்ளி மாற்றம். ஒரு வருஷம் படகு. எல்லாக் காரணமும் நல்ல காரணம், அதுதான் எரிச்சல். ஜூனில் இன்னொன்று வராதா?

யாருக்காக இது? கிரெய்க்குக்கா? அவனுக்கு இதுவும் சுவரும் ஒன்று. ஒரு கவுனை வாங்கி, பஞ்சு திணிக்காமல் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அற்ப ஆசை. அற்பமாயிருந்தால் என்ன, என்னுடையதுதானே?

நவம்பர் 21

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து ஜனவரி என்று சொன்னேன்.

பிறகு ஷாண்டெலுக்கு. "ஆறு மாசம் பொறுக்க முடியலையா உனக்கு?"

"எட்டு வருஷம் பொறுத்தாச்சுடி."

போனை வைத்துவிட்டாள்.

டிசம்பர் 7

என் இடத்தில் டெய்லா என்று ஒரு சின்னப் பெண்ணை உட்கார்த்தியிருக்கிறார் டெஸ். நன்றாக இழுக்கிறாள், சனியன்.

ஜனவரி 24

முடிந்தது. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். கையைத் தூக்கக் கூடாது. கிரெய்க் தலை வாரிவிட்டான், வகிடு கோணல். ராத்திரி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றான். எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தானாம். முன்னாலேயே சொல்வதற்கென்ன?

பிப்ரவரி 15

வீக்கம் வடிந்துவிட்டது. இடது பக்கம் கொஞ்சம் மேலே இருக்கிறது. சரியாகிவிடும் என்கிறார்கள்.

மார்ச் 29, ஞாயிறு

போட்டிக்குப் போனேன். பச்சைக் கவுன்.

இறுதிப் பந்தயத்தில் அவர்கள் கிளம்பியதும் கவுன் நினைவேயில்லை. என் தோள் தானாக இழுத்துக்கொண்டிருந்தது. கடைசி அலையைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள். வெள்ளி. டெஸ் எழுபது வயதில் தண்ணீரில் குதித்தார். டெய்லாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தார்கள்.

ஷாண்டெல் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள். கிட்டே வந்து நின்றாள்.

"கட்டிக்கிட்டா வலிக்குமா?"

"கொஞ்சம்."

பக்கவாட்டில் கட்டிக்கொண்டாள். ஈரம். காதோரம் மெதுவாகச் சொன்னாள்: "அடுத்த சீசனும் டெய்லாதான்டி. டெஸ் சொல்லிட்டாரு."

தெரியும் என்றேன். தெரியாது.

பெண்கள் கழிப்பறைக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று நன்றாக அழுதேன். அழும்போதே ஓரக்கண்ணால் கவுனைப் பார்த்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.