கட்டைவிரலில் சுண்ணாம்பு

ஜூலை 8, செவ்வாய்

வெயில். மழைக்கு அறிகுறியே இல்லை. மகள் யாழினிக்கு மறுபடி குளிர்காய்ச்சல், 103. அரியலூர் கிளினிக்கில் பெரம்பலூருக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். கார் மச்சானுடையது. வழி முழுக்க எனக்குப் பிழைக்கத் தெரியாதது பற்றி உபதேசம். குழந்தைகள் வார்டு, கட்டில் 6. இதற்கு முன் வந்திருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். மச்சான் பக்கத்திலேயே நின்றான். முதல் தடவை என்றேன்.

ஆலைக்கு போன். லேப் மேனேஜர்: "ஒன்னுக்குக் கடுக்கிறதுக்கெல்லாம் லீவா சார்?" பதினெட்டு வருஷம் இவனுக்குக் கீழே. இதையும் மறக்கமாட்டேன்.

ஜூலை 9, புதன்

காலை 6. புது நர்ஸ், சின்னப் பெண். எடை, பிரஷர், முகத்தில் வீக்கம் உண்டா, எத்தனை முறை ஒன்றுக்குப் போகிறாள், என்ன நிறம். பிறகு என்னை வெளியே நிறுத்தித் திரையை இழுத்துக்கொண்டாள். பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டாள்.

யாழினியின் கால் கட்டைவிரல்களில் சுண்ணாம்பு. நீர்க்கடுப்பு என்றால் என் மனைவி செல்வி தடவுவாள். ஊரில் எல்லோரும் செய்வதுதான். புதுப் பூச்சுக்கு அடியில், பழைய பூச்சுகளில் வெந்து உரிந்த தோல்.

"இது ஒரு நாள் வச்ச சுண்ணாம்பு இல்லியே சார். எத்தன தடவ வந்துச்சு?"

உடம்புச் சூடு என்றேன். அவள் நகரவில்லை. செல்விதான் அழுதுகொண்டே சொன்னாள். தை மாதத்திலிருந்து நாலு தடவை. "இவங்க மெடிக்கல்ல மாத்திர வாங்கியாந்து குடுத்தாங்க. காய்ச்ச வுட்டதும் நிறுத்திட்டோம்."

நான் வேதியியல் எம்.எஸ்சி. மருந்தின் பெயரை நானே சொல்லிக் கேட்டு வாங்கினேன்.

இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் ஒன்பதிலிருந்து நாலு வரை யாழினி ஒன்றுக்குப் போகவே மாட்டாளாம். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையாம். அதற்காகத் தண்ணீரும் குடிப்பதில்லை. நர்ஸிடம் சொல்லியிருக்கிறாள்.

ஜூலை 10, வியாழன்

ஸ்கேன். இடது சிறுநீரகம் சுருங்கியிருக்கிறது. தழும்பு. வலது, இப்போதைக்குப் பரவாயில்லை. திருச்சிக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். முதல் தடவையே வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மச்சானை, மேனேஜரை, தலைமை ஆசிரியையை மனத்துக்குள் திட்டித் தீர்த்தேன். அவர்களில் ஒருவரும் அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை.

சாப்பிடவில்லை.

ஜூலை 11, வெள்ளி

காய்ச்சல் 99. நாளை திருச்சி. காலையில் வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லப்பா என்று சிரித்தாள்.

மதியம் திரைக்கு வெளியே நின்றிருந்தேன். உள்ளே யாழினி நர்ஸிடம்: "அக்கா, ஒன்னுக்குப் போறப்ப இன்னும் வலிக்குது. அப்பாட்ட சொல்லிடாதீங்க."

"ஏன் பாப்பா?"

"அப்பா யாரையாச்சும் திட்டுவாங்க."

மூன்று மணிக்கு மாத்திரை. நான்தான் கொடுக்க வேண்டும். மூன்றரை ஆகிவிட்டது, இன்னும் உள்ளே போகவில்லை.